ஆறாவது எண்

நேயர்கள் ஒரு சிலேட்டை எடுத்துக்கொள்ளட்டும். 2 என்று எழுதி ஒன்றைக் கூட்டினால் 3. இரண்டை அதனாலேயே பெருக்கினால் 4. ஒன்றைக் கூட்ட, 5. நான்கை அதனாலேயே பெருக்கினால் 16; ஒன்றைக் கூட்ட, 17. இப்படியே மேற்சென்றால் 257-ம், 65,537-ம் கிடைக்கின்றன. இவ்வைந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை.

ஆறாவது எண் 429,49,67,297. நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேற்பட்ட இதுவும் பகா எண்தானா?

பிரான்ஸ் தேசத்துத் தூலூஸ் நகரில் நியாயஸ்தல உத்தியோகம் பார்த்துக்கொண்டே கணித சாஸ்திரத்தில் பெரும் புகழ் பெற்றவர் பெர்மா. இவ்வரிசை முழுவதுமே பகா எண்கள்தாம் என்று தாம் நம்புவதாக 1640-ல் அவர் நண்பர்களுக்கு எழுதினார். நிரூபணம் தம் கைவசம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும், சொன்னவர் பெர்மா அல்லவா? ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் அந்த நம்பிக்கை நிலைத்திருந்தது.

1729-ல் கோல்ட்பாக் என்பவர் இவ்விஷயத்தை ஆய்லருக்கு எழுதிக் கேட்டார். 1732-ல், இருபத்தைந்தே வயதான ஆய்லர், ஆறாவது எண் 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்று காட்டிவிட்டார்! ஈவு 67,00,417.

இதைச் சரிபார்க்கப் பெரிய வகுத்தல்கூட வேண்டியதில்லை. 65,536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. அந்த மீதியை அதனாலேயே பெருக்கினால் 23,716. ஒன்றைக் கூட்டினால் 23,717. அது சரியாக 641-ன் 37 மடங்கு. தீர்ந்தது வழக்கு.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அது 64-ன் மடங்கைவிட ஒன்று அதிகமானதாகவே இருக்கவேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரிசையாக வருகின்றன. ஐந்தாவது படியிலேயே விடை காத்திருந்தது. இந்த விதிக்கு அடிப்படையான தத்துவத்தைக் கண்டவரோ, சாக்ஷாத் பெர்மாவேதான்! சாவி அவர் மடியிலேயே இருந்தது, பூட்டுத்தான் திறக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் வகுப்பில் முதல் ஐந்து எண்களையும் கரும்பலகையில் எழுதி, "ஆறாவதும் பகா எண்தான் என்றால் நம்புவீர்களா?" என்று கேட்டோம். "நம்புவோம், ஸார்!" என்று வகுப்பே ஏகோபித்துக் கூவிற்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மாத்திரம், "வகுத்துப் பார்த்தீர்களா, ஸார்?" என்றான். அன்று நாம் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம்.

இப்போது கம்ப்யூட்டர்களின் துணையும் சேர்ந்து, ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரை அத்தனையும் பகுபடும் எண்களே என்று தெரிந்துவிட்டது. 65,537-க்கு அப்பால் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணும் அகப்படவில்லை. ஆகவே, இனி வருபவை எல்லாமே பகுபடும் என்று சொல்லிவிடலாமா? நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கும் இன்றுவரை நிரூபணம் இல்லை. ஐந்தைப் பார்த்து அன்று பெர்மா ஏமாந்தார். இருபத்தெட்டைப் பார்த்து நாம் ஏமாறவேண்டுமா? கடைசி பெஞ்சுப் பையனின் கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது.