கோவாவில் கட்டாத நெட்

கோவாவில் 37-வது தேசிய விளையாட்டுப் போட்டிகள் 2023 நவம்பர் 9-ம் தேதி நிறைவடைந்தன. 43 விளையாட்டுகள், 10,000-க்கும் மேற்பட்ட வீரர், வீராங்கனைகள். ரோல் பாலுக்கு இடம் இருந்தது, பீச் ஃபுட்பாலுக்கு இடம் இருந்தது. இரண்டு கம்பும் ஒரு நெட்டும் கிடைக்கிற ஊரிலெல்லாம் ஆடப்படும் வாலிபாலுக்கு இடமில்லை. காரணம் இதுதான்: இந்திய வாலிபால் சங்கத்தை யார் நடத்துவது என்ற தகராறு தீரவில்லை, ஆகவே ஆட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கேரள வீரர்கள் உயர் நீதிமன்றப் படியேறியும் கோவாவில் நெட் கட்டப்படவில்லை. இதை நிர்வாகச் சிக்கல் என்று எழுதிவிட்டுக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. செப்டம்பர் 20 அன்று ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில், உலகத் தரவரிசையில் 73-வது இடத்தில் இருந்த இந்திய ஆண்கள் அணி, 27-வது இடத்தில் இருந்த தென் கொரியாவை ஐந்து செட் மல்லுக்கட்டி வென்றது. கடைசி செட் 17-15. அன்றிலிருந்து 36-வது நாள் கோவாவில் தொடக்க விழா நடந்தது. கொரியாவை வீழ்த்திய ஆட்டத்துக்குச் சொந்த நாட்டில் ஒரு மைதானம் கிடைக்கவில்லை.

அந்த அணியின் செட்டர்கள் இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்: முத்துசாமி அப்பாவு, மோகன் உக்கிரபாண்டியன். முத்துசாமியின் 2023-ம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மார்ச் 5 அன்று கொச்சியில் நடந்த பிரைம் வாலிபால் லீக் இறுதிப் போட்டியில், அவர் தலைமையில் ஆடிய அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் பெங்களூரு டார்பிடோஸை 3-2 என வென்று கோப்பையைத் தூக்கியது. செப்டம்பரில் ஹாங்ஜோ. டிசம்பரில் அதே அகமதாபாத் அணி, உலகக் கிளப் சாம்பியன்ஷிப்பில் ஆடியது. இந்த நாட்டில் ஒரு வாலிபால் வீரனுக்கு இதைவிட நல்ல ஆண்டு அமைவது அரிது. அப்படிப்பட்ட ஆண்டில், சொந்த மாநிலத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு தேசிய விளையாட்டில் இறங்கும் வாய்ப்பை அவரிடமிருந்தும் அவர் தலைமுறையிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறார்கள்.

பிடுங்கப்பட்டது எவ்வளவு அரிய பொருள் என்பது, செட்டரின் கையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். பின்வரிசையிலிருந்து பாஸ் வருகிறது. சில சமயம் தலைக்கு மேல், பல சமயம் தாறுமாறாக. பந்து விரல்களில் தங்கக்கூடாது, தங்கினால் ஃபவுல். பத்து விரலும் பட்டும் படாமலும் தொடும் அந்த நொடிக்குள், எதிரே மூன்று பிளாக்கர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தன் அட்டாக்கர்களில் யார் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டான் என்று பார்க்காமலே உணர வேண்டும். தேவைப்பட்டால் முதுகுக்குப் பின்னால் இருப்பவனுக்குப் பந்தை அனுப்ப வேண்டும். புள்ளி ஸ்மாஷ் அடித்தவன் கணக்கில் ஏறும், செட்டரின் கை கண்ணில் படாது. கரையையும் உடலையும் இணைத்துக் கோர்வைச் சேலை நெய்யும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிர்க்கரையிலிருந்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கும் துணையாள் ஓர் இழை தவறினாலும், கரையும் உடலும் சேரும் இடத்தில் பிசிறு தெரியும். தவறாமல் கொடுத்தால், அப்படி ஒருவர் இருந்ததே சேலையில் தெரியாது. அந்தக் கை பழக எத்தனை ஆண்டு ஆகும் என்று காஞ்சிபுரம் செவிலிமேட்டுத் தறிவீடுகளில் கேட்டால் சொல்வார்கள். செட்டரின் கையும் அப்படித்தான். பழகி முடிக்கப் பத்து ஆண்டு பிடிக்கும். பழகிய பின் முழங்காலும் தோளும் தாங்குவது இன்னொரு பத்து ஆண்டுக்குத்தான்.

'இப்போதுதான் லீக் வந்துவிட்டதே, தொழில்முறை வீரனுக்கு தேசிய விளையாட்டு எதற்கு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் லீக் எத்தனை நாள் நடக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். 2023-ல் அது பிப்ரவரி 4-ல் தொடங்கி மார்ச் 5-ல் முடிந்தது. எட்டே அணிகள். மிச்சமுள்ள பதினோரு மாதம் வீரனுக்குச் சோறு போடுவது வங்கியிலோ ரயில்வேயிலோ காவல் துறையிலோ கிடைக்கும் வேலை. அந்த வேலைக்கு வழி திறப்பவை தேசிய அளவில் ஆடிய சான்றிதழ்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் அதிகாரி கேட்பதும் அந்தத் தாளைத்தான். முத்துசாமி ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்டார், அவரால் தாங்கிக்கொள்ள முடியும். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இருபது வயதுப் பையன் தாங்குவானா? தறிக் கூலி வருமானத்தில் மகனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்த தகப்பனிடம், 'இந்த வருஷம் சர்டிஃபிகேட் கிடையாதுப்பா' என்று அவன் எந்த முகத்தோடு சொல்வான்? பெண்கள் அணிகளின் நிலை இன்னும் மோசம். 2023-ல் பிரைம் லீக்கில் பெண்களுக்கு அணியே இல்லை. அவர்களுக்குத் தேசியப் போட்டிகளை விட்டால் வேறு மேடை ஏது?

'அடுத்த தடவை ஆடிக்கொள்ளட்டும்' என்பது இன்னொரு சமாதானம். 2015-ல் கேரளத்தில் 35-வது தேசிய விளையாட்டு நடந்தது. 36-வது எப்போது நடந்தது தெரியுமா? 2022-ல், குஜராத்தில். ஏழு ஆண்டு இடைவெளி! 2015-ல் இருபத்து நான்கு வயதில் இருந்தவனுக்கு 2022-ல் முப்பத்தொன்று. அந்த ஏழு ஆண்டு போனபின் வராது வராது வந்த வாய்ப்புகளில் ஒன்றைத்தான் கோவாவில் தூக்கி எறிந்தார்கள்.

அங்கீகாரம் பற்றிய சட்டக் கேள்வி இருக்கும்போது அணிகளை யார் பெயரில் சேர்ப்பது என்பதும் ஒரு வாதம். மல்யுத்தத்தைப் பார்க்கட்டும். இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தை உலக அமைப்பு 2023 ஆகஸ்டில் இடைநீக்கம் செய்தது. ஆனாலும் செப்டம்பரில் பெல்கிரேடு உலக சாம்பியன்ஷிப்பில் நம் மல்யுத்த வீரர்கள், தேசியக் கொடி இல்லாமல் உலக அமைப்பின் கொடியின் கீழ் இறங்கினார்கள். அங்கேதான் அந்திம் பங்கால் வெண்கலம் வென்று பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்தார். சண்டை பெரியவர்களுடையது, ஆட்டம் பிள்ளைகளுடையது என்று அங்கே பிரித்துப் பார்க்க முடிந்தது. வாலிபாலிலும் முடியும், சங்கத் தகராறு தீராத நிலையில்தான் இதே அணி ஹாங்ஜோவுக்கு விமானம் ஏறியது. சீனாவுக்கு அனுப்ப முடிந்த அணியை கோவாவுக்கு அனுப்ப முடியாமல் போனதற்குச் சட்டத்தைக் காரணம் காட்டினால் யார் ஏற்பார்கள்? மனமில்லை, அவ்வளவுதான்.

வாலிபால் சங்கத்தை நடத்துபவர்களுக்கு மனமில்லாமல் போனது இது முதல் தடவையும் அல்ல. 2011-ல் இந்தியன் வாலி லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னை ஸ்பைக்கர்ஸ் வென்றது. இரண்டாவது ஆண்டு வரவில்லை. உட்பூசல் முற்றி, 2016 டிசம்பரில் உலகக் கூட்டமைப்பே இந்தியச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அதிலிருந்து மீண்டு 2019 பிப்ரவரியில் புரோ வாலிபால் லீக் வந்தது. ஒலிம்பிக் தங்கம் வென்ற டேவிட் லீ போன்றவர்கள் இங்கே வந்து ஆடினார்கள். சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் கோழிக்கோட்டை நேர் செட்களில் சாய்த்து சென்னை ஸ்பார்ட்டன்ஸ் பட்டம் வென்றது. அதற்கும் இரண்டாவது ஆண்டு வரவில்லை. ஊரடங்கைச் சாக்குச் சொல்ல வேண்டாம். கொரோனா வருவதற்கு முன்பே லீக் ஒப்பந்தத்தை முறித்து, விவகாரத்தை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்டார்கள். மறுபடி ஒரு தொழில்முறை லீக்கில் பந்து எழும்பியது 2022 பிப்ரவரியில், அதுவும் சங்கத்துக்கு வெளியே இருந்தவர்கள் முயற்சியில். இரண்டு லீக், இரண்டு சென்னை சாம்பியன்கள், பட்டத்தைக் காத்துக்கொள்ள இருவருக்கும் ஒரு நாள்கூடக் கொடுக்கப்படவில்லை. ஆசிய விளையாட்டில் நாம் கடைசியாக வாலிபால் பதக்கம் வாங்கியது 1986-ல், சோலில். அந்த அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ், தொழில்முறையாக ஆட இத்தாலி வரை போக வேண்டியிருந்தது. 2023-ல் அந்தப் பதக்கத்துக்கு 37 ஆண்டு ஆகிவிட்டது. இத்தனை காலமும் திறமைக்கா பஞ்சம்? நாற்காலியை விட்டு நகர மறுத்தவர்கள் ஒரு தலைமுறையை மரத்தடி மைதானத்திலேயே கிழவனாக்கிவிட்டார்கள். அவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் கோவாவில் நெட் கட்டாமல் விட்டவர்கள்.

சங்கத்தில் யார் உட்காருவது என்பதை நீதிமன்றமோ தேர்தலோ எப்படியாவது முடிவு செய்யட்டும். அதுவரை வீரர்களின் போட்டி நாட்காட்டியை அந்தச் சண்டைக்கு வெளியே எடுத்துவைக்க ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். கோவாவில் ஆட முடியாமல் போனவர்களின் சான்றிதழ் இழப்புக்கும் ஈடு காண வேண்டும். 2023 டிசம்பர் 6-ம் தேதி பெங்களூரு கோரமங்கலா உள்விளையாட்டரங்கில், முதன்முறையாக இந்திய மண்ணில், ஆண்கள் உலகக் கிளப் சாம்பியன்ஷிப் தொடங்கியது. அப்போதைய உலகக் கிளப் சாம்பியன் பெருஜியா இத்தாலியிலிருந்து வந்தது. நெட்டின் இந்தப் பக்கம் அகமதாபாத் நின்றது. அன்று முன்வரிசை நாற்காலிகளில் வந்து அமர்ந்தவர்கள், கைதட்டுவதற்கு முன், இந்தப் பக்கம் நின்றவர்களில் எத்தனை பேரை ஒரு மாதத்துக்கு முன் வீட்டில் உட்காரவைத்தோம் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.