பனிக்காலச் சில்லுகள்

எம் தமக்கையாரின் மகன் மனைவி மக்களுடன் கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழ்கின்றார். சென்ற கிழமை தமக்கையார் எம் இல்லத்திற்கு வந்து, "தம்பி, காருக்குப் பனிக்கால ரயர் வேண்டுமென்கிறாள் மருமகள். இருக்கிற ரயர் தேயவில்லை, வீண்செலவு எதற்கு என்கிறான் இவன். படித்தவன் நீ, ஒரு நியாயம் சொல்லு" என்றார்.

பனியைப் படத்திலன்றிக் காணாத நாம் முதலில் மருமகன் பக்கமே சாய்ந்தோம். விடயத்தை ஆராய்ந்த பின்னர் எம் எண்ணம் மாறிவிட்டது.

இறப்பர் குளிரில் இறுகும் இயல்புடையது. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குமாயின், கோடைக்கால ரயர் விறைத்து வீதியைப் பற்றும் வலுவை இழக்கத் தொடங்குகின்றது. எல்லாப் பருவத்துக்கும் உரியதென விற்கப்படும் ரயரும் கடுங்குளிரில் ஈடுகொடுப்பதில்லை. பனிக்கால ரயரோ குளிரிலும் நெகிழ்ந்திருக்கும் கலவையாற் செய்யப்படுவது. அதன் முகத்திலுள்ள நுண்ணிய கீற்றுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். பின்லாந்து நாட்டார் இதனை 1934 இல் லொறிகளுக்கும், 1936 இல் கார்களுக்கும் செய்தளித்தனர்.

இனி, தெரிவு செய்யும் முறையைக் கூறுவோம். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியதற்கு அதுவே அடையாளம். 'எம்', 'எஸ்' என்னும் எழுத்துகள் மட்டும் இருப்பின் அச் சோதனைக்கு உறுதியில்லை. செய்த காலத்தை நான்கு இலக்கங்கள் காட்டும்: 3524 என்றால் 2024 ஆம் ஆண்டின் 35 ஆவது கிழமை. நான்கு சில்லுகளுக்கும் ஒரே வகையைப் பூட்டுதல் அவசியம். சிக்கனம் கருதி முன்னிரண்டுக்கு மட்டும் பூட்டினால், பின்புறம் வழுக்கிக் கார் சுழன்றுவிடக் கூடும்.

"என்னுடைய கார் நான்கு சில்லாலும் இழுக்கும்" என்பது மருமகனின் வாதம். அவ்வமைப்பு புறப்படுவதற்கு உதவுமேயன்றி நிறுத்துவதற்கு உதவாது. "இங்கே சட்டம் கேட்கவில்லை" என்பது மற்றொரு வாதம். கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது கட்டாயம். ஒன்ராறியோவில் அவ்வாறில்லை என்பது மெய்யே. ஆயினும், பனிக்கால ரயர் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு வழங்குதல் வேண்டுமென்று அம் மாகாணம் 2016 இல் விதித்துள்ளது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு சோடி செருப்பை மாற்றி மாற்றி அணிவோனுக்கு இரண்டும் நெடுநாள் உழைக்கும். ரயரும் அத்தகையதே. வசந்தம் வந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். வெயிலில் ஓடினால் அம் மென்மையான இறப்பர் விரைவிலே தேய்ந்து போகும்.

இவற்றையெல்லாம் தொலைபேசியிற் கூறியபோது மருமகன் மறுமொழி சொல்லவில்லை. அப்பொழுது நாம் ஒன்று கேட்டோம்: "நீர் வேலைக்குப் புகைவண்டியிற் போகின்றீர். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் காரில் ஏற்றிச் செல்பவர் யார்?" சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "அவள்தான், மாமா" என்றார்.

சுக்கானைப் பிடிப்பவர் அஞ்சுகின்றார் எனின், அருகிலிருந்து கணக்குப் பார்ப்பவர் அதற்குச் செவிகொடுத்தல் வேண்டும். நான்கு ரயர்களும் பூட்டியாயிற்றென்று நேற்றுச் செய்தி வந்தது. தமக்கையார் நிம்மதியாக உறங்கினாராம்.