பழைய கம்ப்யூட்டருக்கு எந்தப் பிரவுசர்?

வீட்டு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கும். தூக்கிப் போட மனம் வராது. "லினக்ஸ் போட்டால் ஓடும்" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்வான். அவன் சொல்வது சரிதான். பப்பி லினக்ஸ், டேம் ஸ்மால் லினக்ஸ் போன்றவை இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்காகவே பிறந்தவை. விலையும் கிடையாது.

ஆனால், இன்டர்நெட்டைத் திறந்ததும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது! ஏன்?

குற்றம் லினக்சின் மேல் இல்லை. இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் புரோகிராமுக்குப் பிரவுசர் என்று பெயர். நினைவகத்தைத் தின்பது அதுதான். பாவம், அதையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இன்றைய இணையப் பக்கம் வெறும் எழுத்தும் படமும் அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய பல வேலைகள் அதற்குள் ஓடுகின்றன. பக்கம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறது. சுமப்பது பிரவுசர்!

டேம் ஸ்மால் லினக்சையே பாருங்கள். முதலில் அது 50 மெகாபைட்டுக்குள் அடங்கியது. 2024-ல் புதிதாக வந்தபோது ஒரு முழு சி.டி., அதாவது 700 மெகாபைட், தேவைப்பட்டது. 14 மடங்கு!

மெலிந்த பிரவுசர்கள்

இலேசான பிரவுசர்களும் இருக்கின்றன. லிங்க்ஸ், 1992-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எழுத்தை மட்டுமே காட்டும். (தமிழின் கொம்பும் காலும் அதில் இடம் மாறி நிற்பதுண்டு!) டில்லோ படமும் காட்டும், வேகமானது. இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. செய்தியோ கதையோ படிக்கப் பெரும்பாலும் போதும். பேங்கு, ரயில் டிக்கெட் என்று போனால் பல இடங்களில் கதவு திறக்காது.

எதைக் கேட்க வேண்டும்?

"எத்தனை மெகாபைட்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள்?" என்றே முதலில் கேட்க வேண்டும். எந்தப் பிரவுசரிலும் ஓட்டைகள் தெரியவந்துகொண்டே இருக்கும். அடைக்க ஆள் இல்லாவிட்டால் திருடனுக்கு அதுவே வாசல். டில்லோவுக்கு 2015-க்குப் பிறகு 9 ஆண்டுகள் புதிய பதிப்பே வரவில்லை. 2024 மே மாதம்தான் வந்தது. அப்படி யாரும் கவனிக்காத பிரவுசரில் பேங்குக் கணக்கைத் திறப்பது, பூட்டாத பீரோவில் நகையை வைப்பது போல.

ஆகவே ஒன்று போதாது, இரண்டு வேண்டும். படிக்க டில்லோ. பண வேலைக்குப் பயர்பாக்ஸ். அதில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தால் விளம்பரச் சுமையும் குறையும்.

கம்ப்யூட்டர் 32 பிட்டா, 64 பிட்டா என்றும் பார்ப்பது அவசியம். 32 பிட் லினக்சைக் குரோம் 2016-லேயே கைவிட்டது. பயர்பாக்ஸின் வழக்கமான பதிப்புகளும் 2025-ல், 144-ம் பதிப்போடு நின்றுவிட்டன. அந்தக் கம்ப்யூட்டரில் குழந்தைகள் டைப் அடித்துப் பழகட்டும், கதை படிக்கட்டும். பணம் அனுப்புவதற்கு மட்டும் அது வேண்டாம்.