கழுத்தில் நெறி கட்டினால்...

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் தன் நாலு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள்.

"டாக்டரம்மா, இவன் கழுத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன். மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லே."

பத்து நாள் முன்னால் பையனுக்குத் தொண்டை வலி, ஜுரம். ஜுரம் விட்டுவிட்டது. ஆனால் தாடைக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு கட்டிகள். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். தோல் சிவந்து எரிகிறது. போதாததற்கு உறவுக்காரர் ஒருவர் வந்து, "எங்க ஊர்லே ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, கடைசியிலே கான்சர்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். (இப்படிப்பட்ட உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு!)

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, விரலுக்கடியில் நழுவியது. பையனோ என் மேஜைமேல் இருந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான். தானாப் போயிடும்" என்றேன்.

அவள் போகவில்லை. "உள்ளே இருக்கிற கட்டி எங்கே போகும் டாக்டரம்மா?" என்றாள்.

நியாயமான கேள்விதானே, சகோதரிகளே! இத்தனை வருஷத்தில் என்னை இப்படிக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

கிருமி வந்ததும் அதை அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு சில வெள்ளை அணுக்கள் கழுத்து நெறியில் இருந்தபடியே ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருகுகின்றன. ஒரு வாரத்தில் பெரும் படையே சேர்ந்துவிடுகிறது. நம் கைக்குத் தட்டுப்படுவது அந்தக் கூட்டம்தான். கிருமி ஒழிந்த பிறகு அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போகின்றன. யாரும் கொல்வதில்லை, தாமாகவே சாகின்றன. கொஞ்சம் மட்டும், அடுத்த முறை அதே கிருமி வந்தால் அடையாளம் காட்டத் தங்கிவிடுகின்றன.

இப்படித் தானே மடிவதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று கெர், வைலி, கர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் 1972இல் பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். செல் சுருங்கித் துண்டு துண்டாகும். பக்கத்திலுள்ள செல்கள் அதை விழுங்கிவிடும். சீழ் இல்லை, புண் இல்லை.

எப்போது சாகவேண்டும் என்று செல்லுக்கு யார் சொல்வது? அதற்குள் இருக்கும் ஜீன்கள்தான். எல்லா ஜீனும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. வீட்டு விளக்குகள் மாதிரி, வேண்டியபோது ஏற்றி, வேண்டாதபோது அணைக்கப்படுகின்றன. கிருமி இருக்கும்வரை 'பிழைத்திரு' என்ற செய்தி வெள்ளை அணுவுக்கு வந்துகொண்டே இருக்கும். பி.சி.எல்.-2 போன்ற ஜீன்கள் அதை உயிரோடு காக்கும். செய்தி நின்றதும் 'பிம்' என்ற ஜீன் விழித்துக்கொள்ளும். அது உண்டாக்கும் புரதம் பி.சி.எல்.-2இன் புரதத்தை மடக்கிப் பிடித்துவிடும். அப்புறம் செல்லுக்கு முடிவுதான். திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட அணுக்களுக்கு இன்னொரு வழி உண்டு. அவற்றின் மேல்புறத்தில் 'ஃபாஸ்' என்று ஒரு புரதம். அது அழைப்பு மணி மாதிரி. அதை அழுத்தினால் செல் மடியும்.

கல்யாணத்துக்கு வந்த சமையல் ஆட்கள் விருந்து முடிந்தும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருப்பார்களா? நம் வீட்டு அரிசியிலேயே கைவைப்பார்கள்! அப்படியும் நடப்பதுண்டு. மாதக்கணக்கில் நெறியும் மண்ணீரலும் வீங்கியே இருக்கும் சில குழந்தைகளைப் பற்றி கனாலே, ஸ்மித் என்ற இரு டாக்டர்கள் 1967இல் எழுதினார்கள். பார்த்தால் புற்றுநோய் மாதிரி. ஆனால் அது அல்ல. காரணம் 1995இல்தான் தெரிந்தது: ஃபாஸ் ஜீனில் பழுது. ஃபாஸ் மூன்று மூன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். அதனால் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த ஒரு பிரதி கெட்டாலே மணி அடிக்காமல் போகலாம். போகாமல் தங்கிய அணுக்கள் குழந்தையின் சொந்த ரத்த அணுக்களையே தாக்கும். மிக மிக அபூர்வமான நோய். இன்று மருந்தும் இருக்கிறது.

பெரியவர்களுக்கு வரும் ஒருவகை நெறிப் புற்றுநோயில் பி.சி.எல்.-2 ஜீன் இடம் மாறி, எப்போதும் எரியும் ஒரு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல்தான் தடுக்கிறது என்பதை 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பி.சி.எல்.-2ஐ அடக்கும் வெனெட்டோக்ளாக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது.

இவ்வளவையும் அந்த ராத்திரியில் அவளிடம் சொல்லவில்லை. சமையல் ஆட்கள் கதையை மட்டும் சொன்னேன். கூடவே, எப்போது உடனே காட்டவேண்டும் என்பதையும் சொன்னேன். நெறி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானால், கல்லுப்போல் இறுகி நகராமல் இருந்தால், காறை எலும்புக்கு மேலே வந்தால், நாலு முதல் ஆறு வாரத்தில் குறையவே இல்லையென்றால், விடாத ஜுரம், எடை குறைவது, ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, உடம்பு வெளிறுவது, காரணமில்லாமல் நீலம் பூப்பது என்று ஏதாவது இருந்தால், தாமதம் கூடாது. நம் ஊரில் காசநோயாலும் நெறி கட்டும். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. சிவந்து வலித்தாலும் காட்டிவிடுங்கள், சீழ் கட்டியிருக்கலாம்.

"அதுவரைக்கும் தினம் பத்துத் தடவை அமுக்கிப் பார்க்காதே. அமுக்க அமுக்க அதுவும் வலிக்கும். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பார்த்தால் போதும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது ஞாயிறு அவளே ஓடி வந்தாள். நெறி மிளகளவுக்கு வந்துவிட்டது. பின்னாலேயே மாமியாரும் வந்தார்.

"பார்த்தீங்களா டாக்டரம்மா, நான் போட்ட பத்துதான் கரைச்சுது!"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பையனுக்கு முறுக்கு எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.