முழுப் பொதியா, மாற்றங்களின் வரிசையா?

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்கும் வழக்கம் பெரும்பாலும் ஒரே வகையானது. நான்கு மாணவர் கொண்ட குழு ஒரு ஜிப் கோப்பையும் ஸ்பைரல் பைண்டிங் செய்த அறிக்கையையும் துறையில் தருகிறது. கோப்பினுள் முடிந்த நிரல் இருக்கிறது. நால்வரில் எவர் எதை எழுதினார், எந்த வழி தோற்றுக் கைவிடப்பட்டது, எது வேறொருவரின் நிரல் என்பவை அதில் இல்லை. மதிப்பெண்ணோ நால்வருக்கும் தனித்தனியே இடப்பட வேண்டும்!

கொச்சியின் காக்கநாட்டில் இம்முரண் கண்ணெதிரே நிற்கிறது. 2004இல் உருவான இன்ஃபோபார்க் அங்கே இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளும் அருகிலேயே இருக்கின்றன. மென்பொருள் தொழிலில் முழு நிரலை யாரும் பொட்டலமாகக் கேட்பதில்லை. ஏற்கெனவே உள்ள நிரலில் என்ன மாறியது, ஏன் மாறியது என்றே கேட்கிறார்கள். பட்டம் பெற்றுச் சாலையைக் கடந்து வேலைக்குச் செல்லும் மாணவர் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய செயலை நான்காண்டுப் படிப்பில் ஒருமுறையேனும் செய்திருப்பாரா என்பது ஐயமே.

இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. முப்பது வரி அளவிலான ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும். கமிட் செய்யப்படாத மாற்றம் எஞ்சியிருந்தால் அது அங்கேயே நின்றுவிட வேண்டும். இல்லையெனில், ஆசிரியர் கொடுத்த தொடக்க நிரலிலிருந்து மாணவர் நிரல் பிரிந்த இடத்தைக் கிட் வழியே கண்டறிந்து, அதன் பின்னான ஒவ்வொரு மாற்றத்தையும் 0001, 0002 என எண்ணிட்ட பேட்ச் கோப்பாக எழுதும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதியவர் பெயர், நாள், காரணக் குறிப்பு ஆகியவை இருக்கும். பின்னர் தொடக்க நிரலின் புதிய படி ஒன்றில் அவற்றை வரிசையாகப் பொருத்திச் சோதனைகளை ஓட்டும். எல்லாம் சரியென்றால் டார் கோப்பாகக் கட்டி, அதன் எஸ்எச்ஏ-256 எண்ணை அச்சிடும். மாணவரின் கணினியில் மட்டும் ஓடும் நிரல், அந்தப் பொருத்திப் பார்க்கும் படியிலேயே பிடிபட்டுவிடும்.

இம்முறை நேற்று வந்ததன்று. இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப், 1970களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கியது. அவ்வேறுபாட்டை எடுத்து மறுகோப்பில் பொருத்தும் பேட்ச் நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். தமிழ் ஆய்வாளர்க்கு இதன் அடிப்படை இன்னும் பழக்கமானது. பழைய அச்சுநூல்களின் இறுதியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகளில் வரும் பட்டியல் வேறென்ன? உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களைக் குறித்த உழைப்பும், மாற்றத்தை மறைக்காமல் காட்டும் இதே ஒழுக்கத்தைச் சேர்ந்ததுதான்.

முழுப் பொதியை மட்டும் நம்புவதன் விலையை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது. அதைச் செயற்படுத்தும் கட்டமைப்பு வரிகள் வெளியீட்டுப் பொதியில் இருந்தன. எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது. மாணவர் திட்டப்பணியில் அத்தகைய சதி இராது. ஆயினும் பொதிக்கும் பதிவுக்கும் இடையே உள்ள இடைவெளியில் எதுவும் ஒளியலாம். விலைக்கு வாங்கிய திட்டப்பணியும் அதில் அடக்கம்.

வரலாற்றையும் புனையலாமே என்பர். உண்மைதான், கிட்டில் எழுதியவர் பெயரையும் நாளையும் விரும்பியபடி இடலாம். வடிவம் பிழையற்ற பேட்ச் நேர்மையானதாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறுஆய்வு முறையைச் சோதிக்கவென்று லினக்ஸ் கர்னலுக்குக் குறையுள்ள பேட்ச்களை வேண்டுமென்றே அனுப்பியது 2021இல் பெரும் சர்ச்சையானது. அவர்கள் தம் கட்டுரையைத் திரும்பப் பெற நேர்ந்தது. எந்த ஸ்கிரிப்டும் உள்நோக்கத்தைச் சோதிக்காது. ஆனால் புனைவதற்கும் நிரலைப் பகுதி பகுதியாகப் புரிந்திருக்க வேண்டும். ஜிப் கோப்பை நகலெடுக்க அந்தப் புரிதலும் வேண்டியதில்லை.

லினக்ஸ் கர்னலில் 2004 முதல் ஒவ்வொரு பேட்சின் அடியிலும், அதை ஒப்படைக்கத் தமக்கு உரிமை உண்டு என்று அனுப்புவோர் பெயரிட்டு உறுதி கூறுகின்றனர். நம் ஆய்வேடுகளின் சான்றிதழ்ப் பக்கமோ இருநூறு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே கையொப்பத்தில் முடிந்துவிடுகிறது. மாற்றத்துக்கொரு கையொப்பம் என்றால், வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பதினேழாம் பேட்சை விரித்து வைத்து, அதன் கீழ்ப் பெயருள்ள மாணவரிடம், நீக்கப்பட்ட மூன்று வரிகள் ஏன் நீக்கப்பட்டன என்று கேட்கலாம். பாடத்திட்டத்தைத் திருத்தாமலே இதைத் தொடங்க இயலும். ஒப்படைப்பு அறிவிப்பில் ‘ஜிப் கோப்பு’ என்றிருக்கும் இடத்தைத் துறைத்தலைவர் மாற்றினால் போதும்.