சந்திரனில் வேலைக்குப் போனால் சுதந்திரம் உண்டா?

சந்திரனில் மனிதர் தங்கும் நிலையம் அமைக்க அமெரிக்காவும் சீனாவும் போட்டியிடுகின்றன. 2035ல் சொந்த விண்வெளி நிலையம், 2040ல் சந்திரனில் இந்தியர் என்று நம் நாடும் இலக்கு வைத்துள்ளது. ராக்கெட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அங்கே போய் உழைக்கப் போகிறவர்களின் சுதந்திரத்தைப் பற்றித்தான் பேச்சைக் காணோம்.

பூமியில் முதலாளி எவ்வளவு கெடுபிடிக்காரரானாலும் காற்றுக்குக் காசு கேட்க முடியாது. பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடலாம். சந்திரனில் இரண்டுக்கும் வழியில்லை. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ பிராணவாயு தேவை. அதை இயந்திரம்தான் தரவேண்டும். இயந்திரம் யார் வசமோ, ஆட்களும் அவர் வசம். கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் வீடும் போகும். அங்கே மூச்சும் போகும். பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்லஸ் காக்கெல் இந்த அபாயத்தைச் சுட்டிக்காட்டி, 2013ல் லண்டனில் மகாநாடே கூட்டினார்.

1967ம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, விண்கலத்தைப் பதிவு செய்த நாட்டுக்கே அதிலுள்ள ஆட்கள் மீதும் அதிகாரம். தனியார் கம்பெனிகளையும் அரசு தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்கிறது 6வது ஷரத்து. விபத்தில் சிக்கிய வீரர்களைத் திருப்பி அனுப்பவும் விதி உண்டு. வேலையை உதறிவிட்டு ஊர் திரும்ப விரும்புகிறவருக்கு விதி இல்லை. பேச்சுரிமை, சங்கம் வைக்கும் உரிமை பற்றியும் மௌனம்தான்.

இதற்கிடையே, 2020ல் ஸ்டார்லிங்க் கம்பெனி தன் சந்தாதாரர் நிபந்தனைகளில், செவ்வாய் ஒரு சுதந்திரக் கிரகம், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்று எழுதியது. 6வது ஷரத்துக்கு இது நேர் விரோதம். யாருக்குச் சுதந்திரம் என்பதும் அதில் இல்லை.

வாய் திறந்து பேசிப் பலன் கண்டவர்களும் உண்டு. 1973-74ல் ஸ்கைலாப் நிலையத்தில் 84 நாட்கள் இருந்த மூன்று அமெரிக்க வீரர்கள், வேலைப்பளு தாங்காமல் டிசம்பர் 30ந் தேதி ரேடியோவில் அதிகாரிகளிடம் மனம்விட்டுப் பேசினர். வேலை நேரம் தளர்த்தப்பட்டது. வேலையும் சூடு பிடித்தது. அதை 'வேலைநிறுத்தம்' என்று பிற்பாடு சொன்னது மிகை. ஆனால் அவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். திரும்பிவர வேண்டிய கலமும் நிலையத்தோடு இணைந்தே நின்றது. கம்பெனிக் குடியிருப்பில் அப்படி ஒரு கலம் யார் பொறுப்பில் நிற்கும் என்பதே இப்போது தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

இந்தியா 2023ல் கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் கனிவளம் எடுப்பது பற்றிப் பிரிவு இருக்கிறது. எடுக்கும் தொழிலாளியின் உரிமை பற்றிப் பிரிவு இல்லை.