பி0700 வந்தால் கியர்பாக்ஸ் போச்சா?

"ஸ்கேன் பண்ணியாச்சு, பி0700 காட்டுது. கியர்பாக்ஸ் மாத்தணும்." பாயான் லெப்பாசில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் பட்டறையில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். விலை, அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். கல்யாணத்துக்குச் சேர்த்த காசை எடுக்கலாமா என்று என்னிடம் போனில் கேட்டார்.

எடுக்காதீர்கள், முதலில் உள்ளே இருக்கும் கோடைப் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். பி0700 நோயின் பெயரே அல்ல. கியர்பாக்ஸின் கணினி, "என்னிடம் ஒரு பிழை பதிவாகியிருக்கிறது, விளக்கை எரியவிடு" என்று என்ஜின் கணினியிடம் சொல்வது, அவ்வளவுதான். அந்தப் பிழை என்ன என்று பார்க்க, கியர்பாக்ஸ் கணினிக்குள் நுழையக்கூடிய ஸ்கேனர் வேண்டும். மலிவான கருவிகள் பல வாசலோடு நின்றுவிடும். தம்பியின் காரில் உள்ளே இருந்தது பி0715, உள்தண்டின் சுழற்சியை அளக்கும் சென்சர் சம்பந்தப்பட்டது. அதன் ப்ளக்கில் தண்ணீர் ஏறிப் பச்சை பிடித்திருந்தது. சுத்தம் செய்தார்கள், கார் ஓடுகிறது.

எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக முடியாது. ஆனால் பட்டறைக்குப் போகுமுன் உங்கள் காரில் எந்த வகை கியர்பாக்ஸ் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கும். 2019க்கு முந்தைய சில ஆண்டுகளில் சாகா ஆட்டோவில் சிவிடி. அந்த ஆண்டு மாற்றத்தில் நான்கு கியர் ஆட்டோ வந்தது. மைவி நேர்மாறு: 2021 நவம்பர் வரை நான்கு கியர், பிறகு சிவிடி. ஒன்றின் எண்ணெயை மற்றதில் ஊற்றினால் நல்ல கியர்பாக்ஸும் கெட்டுவிடும். "எல்லா ஆட்டோவுக்கும் ஒரே ஆயில்தான், பாஸ்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கார் கையேட்டில் எண்ணெயின் பெயர் அச்சிட்டிருக்கும்.

அடுத்தது, எப்போது தொந்தரவு வருகிறது என்று கவனிப்பது. ஜாலான் துன் சார்டோனில் பாலிக் பூலாவ் பக்கம் ஏறும்போது, மிதியை ஒரே அளவில் வைத்திருந்தும் ஆர்.பி.எம். எகிறி, வேகம் மட்டும் கூடவில்லையா? அது வழுக்கல், எண்ணெய் குறைவு, அழுத்தக் குறைவு, கிளட்ச் அல்லது பெல்ட் தேய்மானம் என்று தேட வேண்டும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது கார் விட்டுவிட்டு உதறுகிறதா? கியர்பாக்ஸைத் தொடுமுன் ஸ்பார்க் ப்ளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். 'என்'னிலிருந்து 'ஆர்' போடும்போது 'டொக்' என்று அடித்தால் என்ஜின் மவுண்டிங்கும் காரணமாகலாம். 'டி' போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் நகர்கிறது, எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

புதிய கார்கள் பலவற்றில் கியர் எண்ணெய் பார்க்கும் குச்சியே கிடையாது. காரைச் சமமாகத் தூக்கி, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகு அளவு பார்க்க வேண்டும். காரைத் தூக்காமலேயே "ஆயில் ஓகே" என்கிறவரை நான் நம்புவதில்லை.

வேறு பட்டறைக்கு இழுத்துப்போக வேண்டியிருந்தால், முன்சக்கர ஓட்ட ஆட்டோ காரின் முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. என்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸ் பம்ப்பும் ஓடாது. உள்ளே எண்ணெய் போகாமல் உராயும். முன்பக்கத்தைத் தூக்கியோ லாரி மேல் ஏற்றியோ கொண்டுபோகச் சொல்லுங்கள்.